நன்னீர் நத்தையும் தட்டைப்புழுக் குடம்பியும்

வெள்ளவத்தைச் சந்தையிற் கங்குன் கீரை வாங்குவோர், அது முளைத்த சேற்றில் ஊரும் நத்தையை அறிவதில்லை. ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் வாழ்க்கைச் சுற்று அந்நத்தையின்றி நிறைவுறாது. கால்நடைக் கழிவோடு நீரை அடையும் முட்டையினின்று பிசிர் போர்த்த மிராசிடியம் வெளிப்பட்டு நத்தையைத் துளைக்கின்றது. உள்ளே இலிங்கமில் முறையிற் பெருகி, வாலுடைய சேர்க்காரியாக்களாக வெளியேறுகின்றது.

நாம் வற்புறுத்த விரும்புவது அவ்வாலின் அமைப்பையே. ஈரற்புழுவான பசியோலாவின் குடம்பிக்கு வால் பிளவுபடாதது. நீர்த்தாவரத்தில் ஒட்டி, வாலை உதிர்த்து, உறைபூண்டு, உண்பவரை எதிர்பார்த்துக் கிடக்கும். கால்நடைக் குருதிப்புழுவான சிஸ்டோசோமா ஸ்பின்டேலின் குடம்பிக்கோ வால்நுனி கவைபட்டது. அது உறைபூணாது, நீரில் நிற்பவரின் தோலையே துளைக்கும். மனிதவுடலில் முதிராது மடிந்து, கடுஞ்சொறியை விட்டுச்செல்லும். வரம்பில் நிற்பவருக்கன்று, வயலில் இறங்கி நாற்று நடுபவருக்கே இச்சொறி. சேற்றுப்புண் என்று நாம் இதனையும் ஒதுக்கிவிடுகின்றோம்.

ஈரற்புழுவின் சுற்றை 1880களின் தொடக்கத்தில் ஒக்ஸ்போட்டில் தோமசும் லைப்சிக்கில் லொய்க்கார்ட்டும் தனித்தனியே துலக்கினர். தோமசின் ஆய்வுக்குத் தூண்டுதலாயிருந்தது, செம்மறிகள் பெருவாரியாக மடிந்தமையால் ஆங்கில மந்தை உடைமையாளர் அடைந்த நட்டமே. வயற்சொறிக்கு அத்தகைய உடைமையாளர் எவருமிலர். இன்டோபிளானோபிசு நத்தையினின்று கவைவாற் குடம்பி வெளியேறுவது பெரும்பாலும் பகலில். நடுகை வேலையும் அப்பொழுதே.