வாங்க, தேனிக்குச் சாப்பிடப் போகலாம்!

லீவு விட்டால் எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுமே... அருவி, அணை, கோயில் என்று அப்பா ஒரு பட்டியல் போடுவார். இந்த வாரம் நாம் வேறு மாதிரி ஒரு பட்டியல் போடுவோமா? என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று வயிற்றைக் கேட்டுக்கொண்டே ஊர் சுற்றுவோம். போகப்போவது, தமிழகத்தின் மேற்கு ஓரத்தில் மலைகளுக்கு நடுவே தொட்டில் போலக் கிடக்கும் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு!

மதுரையிலிருந்து பஸ்ஸில் போகலாம். ரயிலிலும் போகலாம். 1928-ல் போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ன் கடைசியில் நிறுத்தப்பட்டது. 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னலோர சீட் பிடித்துக்கொள்ளுங்கள்!

ஜிலேபி, ஆனால் இனிப்பு இல்லை!

ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். பக்கத்தில்தான் வைகை அணை. 1959-ல் திறக்கப்பட்டது. பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மீன் வறுக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். கட்லா, ரோகு, ஜிலேபி என்று அணை மீன்களை மசாலா தடவி, கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள்.

ஜிலேபியா என்று ஆச்சரியப்படாதீர்கள். அது ஒரு மீனின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 'திலேப்பியா' மீனை நம் மக்கள் 'ஜிலேபி' ஆக்கிவிட்டார்கள். முள் பார்த்துச் சாப்பிடுங்கள்!

சாம்பாரில் ஒளிந்திருக்கும் ஊர்

தேனியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் பெரியகுளம். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். சீசனில் போனால் சாலையோரமெல்லாம் மாம்பழக் குவியல்தான்.

இன்னொரு விஷயம் தெரியுமா? உங்கள் வீட்டு சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காய்க்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. விதை போட்டு ஆறே மாதத்தில் காய்க்கும் 'பி.கே.எம். 1' என்ற முருங்கை ரகம் இங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சியில் உருவானது. 'பி.கே.எம்.' என்பது பெரியகுளத்தின் ஆங்கிலச் சுருக்கம். இன்று பல வெளிநாடுகளிலும் இந்த ரகத்தைப் பயிரிடுகிறார்கள்.

விதையிலிருந்து பால்!

சாயங்காலம் ஆனதும் இந்தப் பக்கத்து ஊர்களில் தள்ளுவண்டியில் சூடாக விற்பார்கள் பருத்திப்பால். பருத்தியில் பாலா? ஆமாம். பஞ்சை எடுத்த பிறகு மிஞ்சும் பருத்தி விதையை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் அரைத்துப் பிழிவார்கள். வெள்ளையாகப் பால் வரும். அதோடு கொஞ்சம் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் கொதிக்க விட்டு, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். வண்டிக்காரர் டம்ளரை நீட்டும்போதே சுக்கு மணக்கும். இதில் மாட்டுப் பால் ஒரு சொட்டுகூடக் கிடையாது!

அரசிக்கு ஏலம்

அடுத்து போடிநாயக்கனூர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஏலக்காய் மணம் வரவேற்கும். 'நறுமணப் பொருள்களின் அரசி' என்று ஏலக்காயைச் சொல்வார்கள். குங்குமப்பூ, வெனிலாவுக்கு அடுத்தபடியாக விலை அதிகம் இதற்குத்தான். விளைவது பெரும்பாலும் பக்கத்திலுள்ள கேரளத்தின் இடுக்கி மலைகளில். ஆனால், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கும் முக்கியமான ஊர்களில் ஒன்று போடி.

சுமார் 5 கிலோ பச்சைக் காயைக் காய வைத்தால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். அதைச் சலித்து, நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் குண்டாக, பச்சையாக இருக்கும் காய்க்கு மவுசு ஜாஸ்தி. இங்கே டீக்கடையில் பெரியவர்கள் ஏலக்காய் டீ குடிக்கட்டும். நீங்கள் ஏலக்காய் தட்டிப் போட்ட பால் கேளுங்கள்.

வாழை இலையில் ஒரு பிடி

மதியச் சாப்பாட்டுக்குச் சின்னமனூர். பாண்டிய மன்னர்களின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்த ஊர் இது. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அந்தச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது.

ஊரைச் சுற்றி நெல் வயலும் வாழைத் தோட்டமும்தான். அதனால் இலையும், இலையில் விழும் சோறும், கடைசியில் கையில் கொடுக்கும் பழமும் இந்த மண்ணில் விளைந்ததாகவே இருக்கலாம். எந்தக் கடையில் சாப்பிடுவது என்று குழப்பமா? உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடை, சூடாகச் செய்து தரும் கடை, இலையைக் கழுவிப் போடும் கடை. இந்த மூன்றும் இருந்தால் பயமில்லாமல் உட்காருங்கள்.

காத்திருக்கத் தெரியாத பழம்

இனி நம் பயணத்தின் ஹீரோ, கம்பம் பன்னீர் திராட்சை! சுருளி அருவிக்குப் போகும் வழியில் சுருளிப்பட்டி பக்கம் போனால், பந்தலுக்குக் கீழே கருநீலக் கொத்துகள் தொங்குவதைப் பார்க்கலாம். பறித்த கொத்தைச் சாலையோரத்திலேயே விற்பார்கள்.

வட இந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும் திராட்சைக்கு ஒரு சீசன் உண்டு. கம்பத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு சமயத்தில் கொடியைக் கவாத்து செய்கிறார்கள். அதாவது, கிளைகளை வெட்டி விடுகிறார்கள். அதனால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்த வகையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், இந்தப் பழத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. தோல் மெல்லியது. பறித்துவிட்டால் சில நாள்தான் தாங்கும். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். 'விலை ஏறட்டும், அப்புறம் விற்கலாம்' என்று விவசாயி வீட்டில் வைத்திருக்கவே முடியாது. கிடைத்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? 'ஐயே, விதை இருக்கு' என்று விதையில்லாத திராட்சையைக் கேட்கிறோம்! அடுத்த முறை பன்னீர் திராட்சையைப் பார்த்தால் ஒரு கொத்து வாங்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகுதான் சாப்பிட வேண்டும். விதை பிடிக்காவிட்டால், லேசாக வேகவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். பாட்டிலில் வரும் கூல்டிரிங்க்ஸ் எதுவும் இந்த ஜூஸிடம் நிற்காது.

சோறு எங்கிருந்து வருகிறது?

கம்பம், கூடலூர் தாண்டினால் லோயர் கேம்ப். இங்கே சாப்பிட ஒன்றும் வாங்கவேண்டாம். இதுவரை சாப்பிட்டதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறோம்.

மேலே, மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு ஓடுகிறது. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் ஆறு. மலைக்கு இந்தப் பக்கமோ மழை பொய்த்தால் வறட்சிதான். 1876-78-ல் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் ஒரு வாய் கஞ்சி கிடைக்காமல் செத்துப் போனார்கள். அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே யோசித்தார். செலவு மலைக்க வைத்ததால் கைவிட்டார். பஞ்சத்துக்குப் பிறகு அந்த யோசனை மறுபடி உயிர் பெற்றது.

1887-ல் அணை வேலை தொடங்கியது. பொறுப்பாளர் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அடர்ந்த காடு, யானைகள், மலேரியா. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். நோயிலும் விபத்திலும் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. இன்றும் அந்தத் தண்ணீர்தான் லோயர் கேம்பில் மின்சாரம் எடுக்க உதவிவிட்டு, பள்ளத்தாக்கு முழுக்கப் பாய்ந்து, நாம் மீன் சாப்பிட்ட வைகை அணைக்குப் போய்ச் சேருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவது இதை நம்பித்தான்.

லோயர் கேம்பில் பென்னிகுயிக்குக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். இந்த ஊர்க் கடைகளில், வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று, விவசாயிகள் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். சாப்பாடு போட்டவரைச் சாப்பாட்டாலேயே வணங்குகிறார்கள்!

எல்லை தாண்டினால்...

மலைச்சாலையில் ஏறினால் குமுளி. அங்கே மொழி மாறும், தட்டும் மாறும். புட்டு, கடலைக் கறி, தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ். குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக வரும். பயப்படாதீர்கள், பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது.

என்ன குட்டீஸ், நாக்கு ஊறுகிறதா? தேனிக்குப் போனால் எல்லாவற்றையும் ருசி பாருங்கள். ஆனால், இலையில் ஒரு பருக்கை சோறுகூட மிச்சம் வைக்காதீர்கள். அந்த ஒரு பருக்கைக்காக ஒரு ஆறு மலையைக் கடந்து வந்திருக்கிறது!