உருகிய உப்பும் உலோகமும்

இரும்பு துருவேறும், செம்பு களிம்பேறும். ஆயின், நம் இல்லங்களில் வழங்கும் எவர்சில்வர்ப் பாத்திரம் பல்லாண்டு கழிந்தும் பளபளப்புக் குன்றுவதில்லை. அவ்வெஃகில் குரோமியம் என்னும் உலோகம் கலந்துள்ளது. அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஏடொன்றை மேற்பரப்பில் தோற்றுவிக்கின்றது. கீறல் பட்டாலும் அவ்வேடு தானே மீண்டும் உண்டாகும். தோல் உடலைக் காப்பதுபோல் அஃது உலோகத்தைக் காக்கின்றது.

இக்காவலையும் அழிக்கவல்லது உருகிய உப்பு. நாம் உண்ணும் உப்பு 801 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகி நீர்போல் ஓடும். சில உப்புக்களைக் கலந்தால் அவை தாழ்ந்த வெப்பத்திலேயே உருகிவிடும். லித்தியம் குளோரைடு 605 டிகிரியிலும், பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரியிலும் உருகுவன. இரண்டையும் தக்க அளவிற் சேர்த்தாலோ ஏறத்தாழ 350 டிகிரியே போதும்.

சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கத்தில், 1971-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இக்கலவையைப் பற்றி ஆய்வு நடைபெறுகின்றது. அணு உலையில் பயன்பட்டுக் கழிந்த உலோக எரிபொருளை, ஏறத்தாழ 500 டிகிரி வெப்பமுள்ள இவ்வுப்புக் குழம்பில் இட்டு மின்சாரம் செலுத்தினால், யுரேனியம் பிரிந்து எதிர்மின்வாயிற் படியும். இங்ஙனம் கழிவினின்றும் எரிபொருளை மீட்கலாம். ஆனால், அக்குழம்பைத் தாங்கும் கலம் எது?

உருகிய குளோரைடில் காப்பேடு நிலைப்பதில்லை. அது சிதைந்ததும், உப்பு எஃகிலுள்ள குரோமியத்தையே முதலிற் கரைக்கும். உள்ளிருக்கும் குரோமியம் மெல்ல வெளிநோக்கி நகர்ந்து வர, அதுவும் கரையும். எஞ்சிய உலோகம் கரையான் அரித்த மரம்போல் துளைபட்டு நிற்கும். உப்பில் சிறிது ஈரமோ காற்றோ கலப்பின் கேடு மிகும்.

கடலிற் செல்லும் கப்பல்களின் வாயுச்சுழலிகளிலும் இத்தகைய தீங்கு நேர்வதுண்டு. கடற்காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் கூடிச் சோடியம் சல்பேட்டாகும். அது சுழலியின் தகடுகளிற் படிந்து, 884 டிகிரியில் உருகி, அவற்றின் காப்பேட்டைக் கரைக்கும். பிற உப்புக்கள் உடன் கலந்தால் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே அத்தீங்கு தொடங்கும்.

இதற்கு மாற்று யாது? உப்பை ஈரமற உலர்த்துவர். காற்று அணுகாவண்ணம் ஆர்கான் என்னும் மந்தவாயுவை நிரப்புவர். எஃகின்மேல் சிர்க்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளைப் பூசும் முறையையும் கல்பாக்கத்து அறிஞர் ஆராய்ந்துள்ளனர். உலோகம் தானே போர்த்த ஆடை பயன்படாதவிடத்து, மனிதன் அதற்கு வேறோர் ஆடை நெய்து தருகின்றான். பகையின் இயல்பை அறிந்த பின்னரே தக்க காவலை அமைத்தல் கூடும் என்பதை இவ்வாய்வு நமக்கு உணர்த்துகின்றது.