எண்ணிப் பார்த்தவர்கள்

ஒரே குற்றச்சாட்டின் பேரில் இருவரைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். ஒருவர் சீமான், மற்றவன் மூட்டை தூக்குபவன். இருவருக்கும் ஒரே தொகை ஜாமீன். சமநீதி! சீமான் பணத்தைக் கட்டி, அந்தி சாய்வதற்குள் மாளிகை சேர்கிறார். மூட்டை தூக்கியவன் கொட்டடிக்குப் போகிறான். தீர்ப்பு வரவில்லை, தண்டனை தொடங்கிவிட்டது.

"பணம் வாங்காமல் விட்டால் ஓடிவிடுவானே!" என்பார்கள் சட்டம் கற்ற கனவான்கள். ஓடுவானா? எத்தனை பேர் ஓடினார்கள்? எண்ணிப் பார்த்தார்களா?

நியூயார்க்கில் எண்ணினார்கள். 1961இல் லூயி ஷ்வைட்சர் என்ற செல்வந்தரும், ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற பத்திரிகையாளரும் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தைத் தொடங்கினர். (செல்வந்தரிலும் இப்படி ஒருவர்!) சட்ட மாணவர்கள் கைதிகளிடம் சென்றனர். கையிலே எவ்வளவு என்று கேட்கவில்லை. எங்கே குடியிருப்பு, எத்தனை நாளாக, என்ன வேலை, யாரோடு வாழ்கிறாய் என்று கேட்டனர், டெலிபோனில் விசாரித்துச் சரிபார்த்தனர், மதிப்பெண் போட்டனர். தேறியவர்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் நீதிபதியிடம் பரிந்துரைத்தனர். பரிந்துரை பெற்றவர்களில் பாதிக்குமேல் வெளியே வந்தனர். மறு கூறில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அந்த மறு கூறு மனிதர்களை நினைத்தால் நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு இல்லாமல் நீதிபதிகள் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாண்டில் பணமின்றி விடப்பட்டவர் 3,505 பேர். கோர்ட்டுக்கு வராதவர் எத்தனை பேர்? 56! இன்னொன்றும் தெரிந்தது: வெளியே இருந்து வழக்காடியவர்களே அதிகமாக விடுதலை பெற்றனர். வேலை போகவில்லை, வீடு போகவில்லை, வக்கீலைத் தேடக் கால் இருந்தது. 1966இல் அமெரிக்க மத்திய அரசு ஜாமீன் சட்டத்தையே திருத்தியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார் மாஜிஸ்டிரேட். அண்ணன் தம்பி முறையினர் ஜாமீன் நிற்க வந்தார். சொத்து வேறு ஜில்லாவில் என்று தள்ளினார். கொத்தனார் எந்த ஜில்லாவில் மாளிகை கட்டினாலும் செங்கல் ஒட்டும். ஜாமீன் மட்டும் ஒட்டாதாம்! கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கடிந்து திருத்தினார். 1979இல் பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கில், மன்ஹாட்டன் அனுபவத்தையே எடுத்துக்காட்டி, ஊரில் வேரூன்றிய ஏழையைச் சொந்தப் பிணையில் விடலாம் என்றார் பகவதி.

2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்! ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரின் நிபந்தனையைக் கோர்ட்டுகள் தாமாகவே மறுபரிசீலனை செய்யலாம் என 2023இல் உச்சநீதிமன்றம் கூறியது. அப்படி எத்தனை பேருக்குச் செய்தார்கள்? ஜில்லா வாரியாக எண்ணிச் சொல்லட்டும், கேட்கிறோம்.