போலி எதிர்மறை மதிப்புரை

போலி எதிர்மறை மதிப்புரை என்பது, ஒரு விடுதியில் தங்காத ஒருவர் தங்கியது போல் காட்டி, அதன் பெயரைக் கெடுக்கும் நோக்குடன் இணையத்தில் இடும் குறிப்பு ஆகும். போட்டி விடுதியினரே இதனை எழுதுவதும், கூலிக்கு எழுதுவிப்பதும் உண்டு. உண்மையில் தங்கியவர் கூறும் குறை எவ்வளவு கடுமையாக இருப்பினும் இவ்வகையில் சேராது.

சிற்றூர்களில் விளைவு

கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லத்தையும் காண வருவோர் கோவில்பட்டியில் தங்கிச் செல்வதுண்டு. இத்தகைய கரிசல் வட்டார நகரில் ஒரு சிறு விடுதிக்குப் பத்து மதிப்புரைகளே இருக்கக்கூடும். பத்தும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை எனக் கொள்வோம். மூன்று பொய்யான ஒற்றை நட்சத்திரங்கள் சேர்ந்தால் சராசரி 5இல் இருந்து 4.1 ஆகக் குறையும். 500 மதிப்புரைகள் கொண்ட பெருநகர விடுதியிலோ அதே மூன்றும் சராசரியை 4.98 ஆக மட்டுமே குறைக்கும்.

ஆய்வு

டீனா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவாலியர் ஆகியோர் அமெரிக்க விடுதிகளைப் பற்றிய ஆய்வொன்றை 2014இல் வெளியிட்டனர். எக்ஸ்பீடியா தளத்தில் அதன் வழியே பதிவு செய்து தங்கியோர் மட்டுமே எழுத முடிந்தது. டிரிப்அட்வைசர் தளத்தில் எவரும் எழுத முடிந்தது. அருகில் போட்டி விடுதி உள்ளவை, எக்ஸ்பீடியாவோடு ஒப்பிட, டிரிப்அட்வைசரில் கூடுதலான விகிதத்தில் மோசமான மதிப்புரைகளைப் பெற்றிருந்தன. அண்டை விடுதி சிறு உரிமையாளருடையதாயின் இவ்வேறுபாடு மேலும் பெருகியது. பல கிளைகள் கொண்ட நிறுவனம் பிடிபட்டால் எல்லாக் கிளைகளின் பெயரும் கெடும்; தனி விடுதிக்கு அந்த அச்சம் குறைவு.

சட்டமும் தீர்வும்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000:2022 என்னும் தரத்தை வெளியிட்டது. மதிப்புரை எழுதுபவரை மின்னஞ்சல், தொலைபேசி போன்ற வழிகளில் சரிபார்க்குமாறு அது தளங்களைக் கோருகிறது. எனினும் வெளியானபோது இது கட்டாயமாக்கப்படவில்லை. அவதூறு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆனால் எழுதியவர் யாரென்றே தெரியாதபோது வழக்குத் தொடர்வது எளிதன்று. மேலும், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ கிடைத்த பின்பு தளங்கள் நீக்கினால் போதும் என உச்ச நீதிமன்றம் சிரேயா சிங்கால் வழக்கில் 2015இல் தீர்ப்பளித்தது.

ஆகவே விடுதியின் வருகைப் பதிவேடே முதற் சான்றாகிறது. குறிப்பிட்ட நாளில் அப்பெயரில் எவரும் தங்கவில்லை என்றால், மதிப்புரையைப் படமாகச் சேமித்து, அதனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பலாம். பெயரை மாற்றி எழுதியிருக்கவும் கூடும் என்பதால், பெயர் பதிவேட்டில் இல்லாதது மட்டுமே முடிவான சான்றாகாது. மதிப்புரையின் கீழ், அந்நாளில் அவ்வாறான பதிவு இல்லை என்றும், தங்கியிருந்தால் விவரம் தருமாறும் பணிவாக மறுமொழி இடுவது நலம். அடுத்து வரும் விருந்தினர் இரண்டையும் சேர்த்தே படிப்பர். உறவினரைக் கொண்டு புகழ்ச்சி எழுதுவித்து ஈடு செய்வதும் போலி மதிப்புரையே ஆகும்.