பணம் போனதா, சேர்ந்ததா?

மலாக்கா ஜாலான் பெண்டஹாராவில் பூமாலை வாங்குகிறீர்கள். பன்னிரண்டு வெள்ளி. கல்லாமேசையில் ஒட்டியிருக்கும் டூயிட்நாவ் கியூஆரைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்கிறீர்கள். உங்கள் வங்கியில் ஒரு சர்வர், நடுவே வங்கிகளை இணைக்கும் பேநெட் நிறுவனத்தின் சர்வர், கடைக்காரரின் வங்கியில் இன்னொன்று. ஆளுக்கொரு கணக்கேடு, ஆளுக்கொரு முதலாளி. ஆனால் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும்: இங்கே கழிந்தால் அங்கே சேர வேண்டும்.

மெப்ஸ், மைகிளியர் என்ற இரண்டு பணப்பரிமாற்ற நிறுவனங்கள் 2017-இல் இணைந்து பேநெட் ஆயின; மறு ஆண்டு டிசம்பரில் டூயிட்நாவ் வந்தது. 2023 முதல் சிங்கப்பூர்க்காரர்களும் தங்கள் ஊர்ச் செயலியிலேயே இந்தக் கியூஆர் சதுரத்தை ஸ்கேன் செய்கிறார்கள். சங்கிலி இன்னும் நீண்டுவிட்டது.

எதிர்முனை ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் தொல்லையில்லை. பதிலே வராதபோதுதான் தலைவலி. கோரிக்கை போய்ச் சேரவில்லையா, வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அனுப்பிய சர்வருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

எல்லா முனைகளும் ஒரே முடிவுக்கு வர, அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே 1978-இல் ஒரு முறையை விளக்கி எழுதினார். முதலில் எல்லா சர்வர்களிடமும் ‘தயாரா?’ என்று கேட்பது. எல்லாம் ஆமென்றால் மட்டும் ‘செய்’ என்பது. ஜாசின், புக்கிட் அசகான் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல, ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்குமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுதான். தூறல் விழும் விடியலில் எல்லாரும் தயார் என்று சொல்லி நிற்கிறார்கள்; பால்வெட்டு உண்டா என்று கிராணி சொல்ல வேண்டும். அவர் ஆபீசுக்குள் போனவர் வெளியே வரவில்லையென்றால்? நிரைக்கும் போக முடியாது, வீட்டுக்கும் திரும்ப முடியாது. இந்த முறையின் பலவீனமும் அதுவே: ஒருங்கிணைக்கும் சர்வர் விழுந்தால் மற்றவை கணக்கைப் பூட்டிக்கொண்டு காத்துக் கிடக்கும். வேறு வேறு நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து.

1987-இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் ‘சாகா’ என்ற வேறு வழியைச் சொன்னார்கள். காத்திருக்காமல் ஒவ்வொரு படியையும் அப்போதே முடித்துவிடு. பின்னால் ஒன்று தவறினால், முந்தையதை ஈடுகட்டும் எதிர்ப்பதிவு போடு. கழிந்த பணம் சற்றுப் பொறுத்துக் கணக்கறிக்கையில் தனி வரியாகத் திரும்பி வருவது இந்த வகைதான். பழைய வரி அழிவதில்லை.

இதற்குத் துணை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி எண். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு சர்வர் மறுபடி கேட்கும். ஏற்கெனவே செய்து முடித்த எதிர்முனை, பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். பணம் இருமுறை நகராது.

திரை சுற்றிக்கொண்டே இருக்கிறதென்று நீங்கள் மீண்டும் ஸ்கேன் செய்தால் கதை வேறு. அது புதிய எண், புதிய பரிவர்த்தனை. இரண்டாவது பன்னிரண்டு வெள்ளியைப் பழைய எண் தடுக்காது. முதலில் செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.