ஏரி நிரம்பினால்தான் அரண்மனை மிதக்கும்

மழை ஓய்ந்த அக்டோபரில் உதய்பூரின் ஏரி ஓட்டலுக்கு ஈடில்லை. ஆனால் வாடகை ரசீதில் எழுதாத ஒரு நிபந்தனை உண்டு: அந்த வருடம் மழை பெய்திருக்க வேண்டும்.

சென்னையில் குடை விரியும் மாதத்தில் உதய்பூரில் குடையை மடித்து வைத்துவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசி வாக்கில் தென்மேற்குப் பருவமழை ராஜஸ்தானை விட்டு விலகிவிடுகிறது. ஆரவல்லிக் குன்றுகளில் பச்சை மட்டும் மிச்சமிருக்கும். பகலில் வெயில் 32 டிகிரியைச் சுற்றி நிற்கும். இரவில் ஒரு மெல்லிய போர்வை போதும். வடக்கே இதற்கு சரத் ருது என்று பெயர். ஐப்பசி என்றாலே அடைமழை என்று பழகிப்போன தமிழர்களுக்கு, தூசி கழுவிய வானத்துடன் வரும் இந்த ஐப்பசி புதிய அனுபவம்.

அதை அனுபவிக்க நாட்டிலேயே ஆகச் சிறந்த இடம் எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பிச்சோலா ஏரியின் நடுவில் இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டுவார்கள். பழைய பெயர் ஜக் நிவாஸ். இன்றைய பெயர் தாஜ் லேக் பேலஸ்.

இந்த ஓட்டலுக்கு வாசல் கிடையாது, படித்துறைதான். நகர அரண்மனைப் பக்கத்திலிருந்து படகில் ஏறினால் சில நிமிடங்களில் பளிங்குப் படிகள் வந்துவிடும். சுமார் நாலு ஏக்கர் பாறைத் தீவின் விளிம்பு வரை கட்டடம் எழும்பியிருப்பதால் கண்ணுக்குத் தரையே தெரியாது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அரண்மனை மிதப்பது போலத் தோன்றுவதன் ரகசியம் இவ்வளவுதான். உள்ளே போனால் தூண் மண்டபங்கள், அல்லிக் குளம், நீரூற்றுகள், கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்கு பதித்த சுவர்கள். குஷ் மகால் என்ற அறையில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வழியே காலை வெயில் தரையில் கோலம் போடுகிறது. கட்டடம் கிழக்கு நோக்கியிருக்கிறது. மேவார் ராணாக்கள் தங்களைச் சூரிய வம்சத்தவர் என்று சொல்லிக்கொள்பவர்கள்; விடிந்ததும் சூரியனைக் கும்பிட வசதியாக இருக்கட்டும் என்று அப்படி அமைத்தார்களாம்.

செய்வதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம். கார் சத்தம் கிடையாது. பேரம் பேச வரும் கடைக்காரர் கிடையாது. மாலையில் மேற்கே ஆரவல்லிக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது நகர அரண்மனையின் நீண்ட சுவர் மஞ்சளாகி, சிவந்து, பிறகு விளக்குகளால் நிறைகிறது. ஆசுவின மாதப் பௌர்ணமியான சரத் பூர்ணிமாவில் பால் பாயசத்தை நிலவில் வைத்துவிட்டுச் சாப்பிடுவது வட இந்திய வழக்கம். அந்த இரவில் ஏரி நடுவே அறை கிடைப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பர்ஸ் கனத்தவர்களும்கூட. சீசனில் ஓர் இரவு வாடகை ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் மாதச் சம்பளத்தைச் சுலபமாக விழுங்கிவிடும்.

இந்த மாளிகை எழுந்த கதை உதய்பூர் வழிகாட்டிகளுக்கு மனப்பாடம். இளவரசர் ஜகத் சிங் நிலவு நாட்களில் அந்தப்புரப் பெண்களோடு ஏரியிலிருக்கும் இன்னொரு தீவு மாளிகையான ஜக் மந்திருக்குப் போய்த் தங்க ஆசைப்பட்டார். அப்பா சங்கிராம் சிங் மறுத்துவிட்டார்: வேண்டுமானால் நீயே ஒன்று கட்டிக்கொள். கோபித்துக்கொண்ட பிள்ளை கட்டியதுதான் ஜக் நிவாஸ். சுவையான கதை. ஆனால் சங்கிராம் சிங் 1734-இல் இறந்துவிட்டார். ஜக் நிவாஸுக்கு அஸ்திவாரம் போட்டது 1743-இல். மூன்று வருடத்தில் கட்டி முடித்திருக்கிறார்கள். கோபம் ஒன்பது வருடம் ஆறாமல் இருந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா அனுமதி மறுத்த ஜக் மந்திருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கலகம் செய்த இளவரசர் குர்ரம் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். பிற்பாடு ஷாஜஹான் என்ற பெயரில் தாஜ்மகாலைக் கட்டியவர் அவர்தான். 1857 கலகத்தின்போது நீமச்சிலிருந்து தப்பி வந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் அதே தீவில்தான் இடம் கொடுத்தார் மகாராணா ஸ்வரூப் சிங்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜக் நிவாஸ் ஈரத்தில் ஊறிச் சிதையத் தொடங்கியது. 1948-இல் உதய்பூர் சமஸ்தானம் ராஜஸ்தான் ஒன்றியத்தில் சேர்ந்தது. ராஜ்யம் போனது, ஓட்டை விழுந்த அரண்மனைகளைப் பராமரிக்கும் செலவு மட்டும் போகவில்லை. 1955-இல் பட்டத்துக்கு வந்த பகவத் சிங் அரண்மனையை ஓட்டலாக்கி 1963-இல் திறந்தார். சக ராஜாக்கள் பலர் மானியத்தை நம்பி உட்கார்ந்திருந்த காலம் அது. 1971-இல் அரசியல் சட்டத் திருத்தம் அந்த மன்னர் மானியத்தையே ஒழித்தது. அதே ஆண்டில் ஓட்டல் நிர்வாகம் தாஜ் குழுமத்தின் கைக்குப் போனது. மகாராணா முந்திக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாளிகையை ஓட்டலாக அலங்கரித்தவர் டிடி கான்ட்ராக்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி. ராஜ சுகத்துக்கு வடிவம் கொடுத்த இதே பெண்மணி, பிற்காலத்தில் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மண்ணாலும் மூங்கிலாலும் எளிய வீடுகள் கட்டிப் பெயர் பெற்றார். 2021-இல் காலமானார்.

உலகுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்தியது சினிமா. ஜேம்ஸ் பாண்டாக ரோஜர் மூர் நடித்த 'ஆக்டோபஸி' 1983-இல் வெளிவந்தது. முதலை வடிவப் படகில் பதுங்கிக்கொண்டு பாண்ட் ஏரியைக் கடக்கும் காட்சியை உதய்பூர் லேசில் மறக்கவில்லை. பல வருடங்கள் அந்த ஊர் மாடிச் சிற்றுண்டிச் சாலைகளில் தினமும் மாலை அந்தப் படம்தான்.

ஆனால் பாண்டால்கூடச் சமாளிக்க முடியாத ஒரு வில்லன் இருக்கிறான். அரண்மனையின் அழகெல்லாம் தண்ணீரில் நிற்கிறது; தண்ணீரோ நிச்சயமில்லாதது. பிச்சோலா இயற்கை ஏரி அல்ல. பதினான்காம் நூற்றாண்டில் தானியம் ஏற்றிச் செல்லும் ஒரு பஞ்சாரா வியாபாரி போட்ட அணையில் பிறந்தது என்பது ஊர் வரலாறு. 1559-இல் உதய்பூரை நிர்மாணித்த இரண்டாம் உதய் சிங் அதைப் பெரிதாக்கினார். இன்று ஏழு சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்தாலும் அதிகபட்ச ஆழமே எட்டரை மீட்டர்தான். உதய்பூருக்கு வருடத்துக்குக் கிடைப்பது 60 சென்டிமீட்டர் சொச்சம் மழை. சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும்.

ஒன்றிரண்டு பருவங்கள் பொய்த்தால் என்ன ஆகும்? 1999-இல் தொடங்கிய தொடர் வறட்சி அதைக் காட்டியது. ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்தது. மிதக்கும் அரண்மனை, மேய்ச்சல் நிலத்தின் நடுவே வெள்ளையடித்த கோட்டை போல நின்றது. விருந்தாளிகள் படகுக்குப் பதில் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஏரிப் படுகையில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பணக்கார விருந்தாளிகளுக்கு இது ஏமாற்றம், அவ்வளவுதான். நகரவாசிகளுக்கோ குடிநீர்ப் பிரச்னை. பிச்சோலா உதய்பூரின் தாகம் தீர்க்கும் ஏரிகளில் ஒன்று என்பது பல பயணிகளுக்குத் தெரியாது. படித்துறை ஓரங்களில் பெருகிய விடுதிகளின் கழிவுநீரும், மோட்டார் படகுகள் கசியவிடும் எண்ணெயும் அதே குடிநீரில்தான் கலக்கின்றன என்று ஏரிப் பாதுகாப்பு ஆர்வலர்கள் வருடக்கணக்காகக் குரல் கொடுத்துவருகிறார்கள். கழிவுநீரைத் திருப்பிவிடக் குழாய்கள் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் புகார்கள் ஓயவில்லை.

தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பொறியாளர்கள் கண்ட பரிகாரம் தேவாஸ் திட்டம். சாபர்மதிப் படுகையில் அணை கட்டி, மலையைக் குடைந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான சுரங்கம் வழியாகத் தண்ணீரைப் பிச்சோலாவுக்குக் கொண்டுவருகிறார்கள். சாபர்மதி போய்ச் சேர்வது அரபிக் கடலில். பிச்சோலா நிறைந்து வழிந்தால் அந்தத் தண்ணீர் ஆயட், பேராச், பனாஸ், சம்பல் என்று ஆறு மாறி ஆறு போய் யமுனையில் விழுகிறது. கங்கையோடு வங்கக் கடலுக்குப் போகிறது. ஒரு கடலுக்குப் போக வேண்டிய மழையை இன்னொரு கடலின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள்! இதற்குப் பிறகு ஏரி முன்போல எலும்பு தெரிய வற்றும் பயம் குறைந்திருக்கிறது.

நல்ல மழை பெய்து மதகுகளைத் திறக்கும் நாள் உதய்பூரில் கிட்டத்தட்டப் பண்டிகை. வேலையைப் போட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்துவிடுகிறார்கள். கிட்டத்தட்ட ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் இருக்கும் சந்தோஷம்.

ஓட்டலில் தங்குபவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தீவில் அனுமதி இல்லை. அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. ஏரியின் மறுகரையில் அம்ப்ராய் படித்துறையில் உட்கார்ந்தால் நகர அரண்மனையும் ஜக் நிவாஸும் ஒரே பார்வையில் கிடைக்கும். மிதக்கும் அரண்மனையின் உள்ளே இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. ஜக் மந்திருக்கு டிக்கெட் எடுத்துப் படகில் போய்வரலாம். இருட்டியதும் கங்கோர் படித்துறையை ஒட்டிய பாகோர் ஹவேலியில் ராஜஸ்தானி நடனம் பார்க்கலாம். எளிய வாடகையில் ஏரி பார்த்த அறைகள் பழைய ஊர்ச் சந்துகளில் நிறையவே இருக்கின்றன. டில்லியிலிருந்து மேவார் எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். மும்பைத் தமிழர்கள் விமானத்தில் வரலாம், அல்லது ஆமதாபாத்தில் இறங்கி சாலை வழியே 250 கிலோமீட்டர் சொச்சம்.

கிளம்பும் முன் ஒரு விவரம் கேட்டுக்கொள்வது நல்லது. பிச்சோலாவின் முழுக் கொள்ளளவு 11 அடி. மழைக்காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகள் தினமும் நீர்மட்டத்தை அச்சிடுகின்றன. செப்டம்பர் கடைசியில் அது பத்தைத் தாண்டியிருந்தால் பெட்டியைக் கட்டலாம்.