உழவனின் தோழன் ஆந்தை

மயிலைக் கண்டு வியக்கிறோம். குயிலின் குரலைப் போற்றுகிறோம். கிளியைக் கொஞ்சி வளர்க்கிறோம். ஆந்தையை மட்டும் கல்லெறிந்து விரட்டுகிறோம். அது கூரைமேல் அமர்ந்து அலறினால், "சாக்குருவி கத்துகிறதே, யாருக்கு என்ன ஆகுமோ!" என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்குவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். உண்மையில் அப்பறவை தன் துணையை அழைக்கிறது. தன் எல்லையைப் பிற ஆந்தைகளுக்கு அறிவிக்கிறது. நம் ஆயுளுக்கும் அதன் குரலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

உலகில் ஏறத்தாழ 250 வகை ஆந்தைகள் உள்ளன. தமிழில் கூகை, குடிஞை, ஊமன், கோட்டான் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. புறநானூற்றின் 364-ஆம் பாடலைப் பாடிய புலவரின் பெயரே கூகைக்கோழியார் என்பதாகும். பழைய கட்டடங்களிலும் கோபுரங்களிலும் மரப்பொந்துகளிலும் வாழும் வெண்ணிற முகக் கூகையைப் பற்றி இங்குக் காண்போம். அதனிடம் நாம் எவற்றைக் கண்டு அஞ்சுகிறோமோ, அவையே அதன் வேட்டைக் கருவிகள் என்பதை அறிந்தால் வியப்படைவோம்.

முதலாவது, அதன் உருண்டைக் கண்கள். அவை குழல் போன்ற அமைப்புடையவை. நம் கண்களைப் போல இங்குமங்கும் சுழலமாட்டா. ஆகவே பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். நம் கழுத்தில் 7 எலும்புகள், ஆந்தைக்கோ 14. எனவே அது ஏறத்தாழ 270 பாகை வரை தலையைத் திருப்பவல்லது. பகலில் அதற்குக் கண் தெரியாது என்பது தவறு. காக்கைகள் கூடித் துரத்துவதாலும் அது பகலில் மறைந்திருக்கிறது.

இரண்டாவது, தட்டையான அதன் முகம். முறம் தானியத்தைச் சேர்ப்பதுபோல் இம்முகம் ஒலியைச் சேர்த்துச் செவிக்கு அனுப்புகிறது. இடச்செவித் துளை சற்று உயரத்திலும் வலச்செவித் துளை சற்றுத் தாழ்வாகவும் இருப்பதால், ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதையும் கூகை அறிந்துகொள்ளும். அமெரிக்க அறிஞர் ரோஜர் பேய்ன் இருட்டறையில் சருகுகளைப் பரப்பி இதனைச் சோதித்தார். சருகுகளின்மேல் இழுக்கப்பட்ட காகித உருண்டையைக்கூட எலி என்று எண்ணிக் கூகை பாய்ந்தது! ஒலி ஒன்றே அதற்கு வழிகாட்டி என்பது இதனால் தெளிவாயிற்று. 1971-இல் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார்.

மூன்றாவது, பேய்போல் ஓசையின்றி வரும் அதன் பறத்தல். சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பும், மேற்பரப்பில் வெல்வெட் துணி போன்ற மென்மையும் உள்ளன. அதனால் அது நெருங்கி வருவதை எலி உணர்வதில்லை.

கூகை எலியை முழுதாகவே விழுங்கிவிடும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். கூட்டின் அடியில் கிடக்கும் இவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால், அது தின்ற எலிகளின் மண்டையோடுகளை நாமே எண்ணிவிடலாம்.

அதன் குடும்ப வாழ்வும் இனியது. முட்டைகள் வெவ்வேறு நாட்களில் பொரிவதால் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். மூத்த குஞ்சு தனக்குக் கிடைத்த இரையை இளைய குஞ்சுக்கு ஊட்டுவதும் உண்டு என்று சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். உடன்பிறந்தாரோடு தின்பண்டத்திற்குச் சண்டையிடும் நமக்கு இது நல்ல பாடமன்றோ?

நெல்வயலில் எலிகள் செய்யும் அழிவை உழவர் வீட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவர். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்கு மரப்பெட்டிக் கூடுகள் அமைத்து எலிகளைக் குறைத்தனர். நம் உழவர்களும் ஆந்தை வந்து அமர்வதற்கென வயலில் குறுக்குக் கட்டை பொருத்திய கம்புகளை நடுகின்றனர். ஆனால் எலி மருந்து தின்ற எலியை உண்டால் ஆந்தையும் இறக்க நேரிடும். மாந்திரீகத்தின் பெயரால் அதைப் பிடித்து விற்போரும் உளர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றமாகும்.

தோழியரே! நாம் உறங்கும்போது நம் உணவைக் காக்கும் இப்பறவையைக் கல்லால் அடிப்பது நன்றியாகுமா? இனி ஆந்தை அலறினால் அஞ்ச வேண்டாம். அதன் காரணத்தை வீட்டிலுள்ளோருக்கு எடுத்துச் சொல்வோம். தம்பியர் கையிலுள்ள கல்லைக் கீழே போடச் செய்வோம்.